பொதிப்பாறைக்கு ஏறி வந்த மருந்து

நான் பிறந்து வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். அங்கே மேடு என்று சொன்னால் அது ரயில்வே மேம்பாலம். சைக்கிளில் அதை மூச்சு வாங்க ஏறி இறங்குவதுதான் எங்களுக்கு மலையேற்றம். கல்யாணமாகி ராஜபாளையம் வந்து பத்து வருடம் ஆகிறது. மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதெல்லாம் மேற்கே மலை நிற்கும். மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவரைக்கும் வந்துவிட்டது போலத் தெரியும். வெயில் காலத்தில் தள்ளிப் போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டே கொடியில் கிளிப் மாட்டியிருக்கிறேனே தவிர, ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

என் கணவர் செல்வத்தின் வீட்டில் அப்படி இல்லை. அடைமழை விட்டு, கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் பொதிப்பாறை மலைக்கு ஏறி இறங்கிவிட வேண்டும். வத்திராயிருப்புக்கு மேற்கே இருக்கிறது அந்த மலை. முக்கால் உயரத்தில் ஒரு சுனை, உச்சியில் பாறையில் நட்ட ஒரு வேல். காலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம். மகளைக் காரணம் காட்டி நான் மூன்று வருடமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் பொய் இல்லை. கயலுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வயதிலிருந்து வீசிங். பனி, தூசி, சாம்பிராணி, தீபாவளி எல்லாமே அவளுக்கு ஆகாது. செல்வம் நூற்பு மில்லில் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வேறு துணி மாற்றிய பிறகுதான் மகளைத் தொடுவார். நான் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டே பழகியவள். உள்ளே விசில் சத்தம் வருகிறதா இல்லையா என்பதில்தான் என் ஒரு நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பது இருக்கும்.

இந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போயிருந்தோம். நான் கேட்க நினைத்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதில் இல்லாத ஒன்றைக் கயல் கேட்டாள்.

"டாக்டர், நான் மலை ஏறலாமா?"

"தாராளமா ஏறலாம். ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பஃப் எடுத்துக்கோ. இன்ஹேலர் கையிலயே இருக்கணும்."

கடைசி வாக்கியத்தை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். கயல் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

முதல் நாள் சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மதினி வீட்டுக்குப் போய்விட்டோம். செல்வத்தின் அக்கா மகேஸ்வரியைத்தான் மதினி என்கிறேன். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். எதற்கும் அசராதவர். நான் பை கட்டுவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாற்றுத் துணி ஒரு கவரில், துண்டு ஒரு கவரில், பிஸ்கட், சுவெட்டர், காய்ச்சல் மாத்திரை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். மலையில் எந்த நேரமும் மழை வரும் என்று செல்வம் சொல்லியிருந்தார்.

"ஏட்டி, மலைக்குப் போறியா, மளிகைக்கடை வைக்கப் போறியா?" என்றார் மதினி.

இன்ஹேலரையும், அதை மாட்டி மூச்சிழுக்கும் ஸ்பேசர் குழலையும் கடைசியாக எடுத்தேன். மருந்துக்கடைக் கவரில் போட்டேன். அதை ஒரு வெள்ளைக் கவரில் சுற்றினேன். அதையும் ஜவுளிக்கடை மஞ்சள் கவரில் போட்டு முடிச்சுப் போட்டேன்.

"மூணு கவர் போட்டா மருந்துக்கே மூச்சு முட்டும்டி."

"நனைஞ்சிடக் கூடாது மதினி."

"அது சரி. நனைஞ்சா ஒனக்குத்தான் முதல்ல சளி பிடிக்கும்."

செல்வம் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் முடிச்சை அவிழ்க்கவில்லை.

காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். கிருஷ்ணன்கோவில் வந்ததும் அது ஒரு மாதிரி உறுமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி, குனிந்து பார்த்து, எழுந்து, ஒன்றும் சொல்லாமல் டீக்கடைக்குப் போனார். அதிலேயே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ரோட்டோரத்தில் கல்லூரி பஸ்ஸுக்காக நின்ற பிள்ளைகள் எங்களை அனுதாபமாகப் பார்த்தார்கள். என் கவலை வேறு. காலை பத்து மணிக்கு மேல் மலையில் யாரையும் ஏற விடமாட்டார்கள். மாலை ஐந்துக்குள் எல்லோரும் இறங்கியாக வேண்டும்.

செல்வம் ஒரு லோடு வேனை நிறுத்தினார். வத்திராயிருப்புக்குத் தேங்காய் ஏற்றப் போகிற வேன். பின்னால் நேற்றைய தேங்காய் நார் கிடந்தது. நார் என்றால் தூசி. கயலையும் என்னையும் முன்னால் ஏற்றச் சொன்னேன். அப்போதும் சால்வையால் அவள் மூக்கையும் வாயையும் கட்டிவிட்டேன். டிரைவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"பாப்பா கொள்ளையடிக்கவா போகுது?"

"மலைக்குப் போறேன்" என்றாள் கயல், சால்வைக்குள்ளிருந்து.

பின்னால் மதினியும் செல்வமும் நார் மேல் உட்கார்ந்து வந்தார்கள். இறங்கும்போது மதினியின் தலையெல்லாம் நார். வழியெங்கும் வயலில் தண்ணீர் நின்றது. கண்மாய்கள் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் தண்ணீர் வாய்க்காலில் வரும்; எங்கிருந்து வருகிறது என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இங்கே தண்ணீர் வரும் இடம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

அடிவாரத்துக்குப் போகும்போது மணி எட்டு. வனத்துறைச் சோதனைச் சாவடியில் வரிசை நின்றது. ஒரு நீண்ட மேசை. பச்சைக் கோட்டு போட்ட இரண்டு பெண்கள் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் காக்கி உடையில் ஒரு வனக்காவலர். "பிளாஸ்டிக் கவர் எதுவும் மேல போகக் கூடாது" என்று அவர் வரிசைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டம் என்று ஒன்று இருந்தால் அதைக் கடைப்பிடிப்பதில் நான் ஒரு படி மேலே நிற்பவள். அவர்கள் கேட்பதற்கு முன்பே கவர்களை வெளியே எடுத்தேன். உள்ளே இருந்ததையெல்லாம் துணிப்பையில் கொட்டினேன்.

மஞ்சள் பொட்டலத்தை மட்டும் மேசை மேல் தனியே வைத்தேன். "மருந்து இருக்கு. கொண்டு போகலாமா?" என்று கேட்டேன்.

"மருந்துக்கு என்னக்கா, கொண்டு போங்க. கவர மட்டும் எடுத்துருங்க."

அதன் பிறகு நான் செய்ததுதான் தப்பு. காலி கவர்களைக் கசக்கிப் போட மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக நீவி மடித்து, அவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று அடுக்கினேன். பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியது. அடுக்கிய கவர்களை மேசையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, கயலின் கையைப் பிடித்தேன். ஏறுவதற்கு முன் கொடுக்க வேண்டிய மருந்தைக் கொடுத்தாயிற்றே என்று நினைத்தேன். கொடுத்தது உண்மைதான். ஆனால் அது மதினி வீட்டில், புறப்படும்போது, அங்கே எப்போதும் இருக்கும் பழைய இன்ஹேலரில். புதியதும் ஸ்பேசரும் இன்னும் அவிழ்க்காத மஞ்சள் பொட்டலத்துக்குள், மேசை மேல், நான் நீவி வைத்த கவர்களுக்குக் கீழே கிடந்தன.

பாதை முதலில் கல் படிகள். பிறகு வேரும் பாறையும். மழை பெய்து ஓய்ந்த காடு எங்கும் சொட்டிக்கொண்டே இருந்தது. மதினி ஒரு குச்சி நுனியில் உப்பு மூட்டை கட்டி வைத்திருந்தார், அட்டை ஏறினால் ஒற்றி எடுப்பதற்கு. முதல் அட்டை அவர் காலிலேயே ஏறியது. கயல் முன்னால் நடந்தாள். நான் அவளுக்கு இரண்டு அடி பின்னால் நடந்தேன். மலையை நான் பார்க்கவே இல்லை. அவள் தோள் ஏறி இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

"கால் வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு முட்டுதா?"

"இல்லம்மா. உனக்கு?"

எனக்கு முட்டியது. சொல்லவில்லை.

ஒன்பதே கால் மணிக்கு ஒரு சுக்குக்காபிக் கடை வந்தது. நாலு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டிய கடை. பூவம்மா என்று ஒருவர் நடத்துகிறார். நாற்பது வயது இருக்கும். அவருடைய தம்பி வேலு அடிவாரத்திலிருந்து சாமான் சுமக்கிறவர். அப்போதுதான் முதல் நடை முடித்துவிட்டு நின்றார். கயல் இரண்டு முறை இருமினாள். சாதாரண இருமல்தான். இருந்தாலும் கை தானாகப் பைக்குள் போனது.

துண்டு இருந்தது. சுவெட்டர் இருந்தது. பிஸ்கட் நொறுங்கிக் கிடந்தது. காய்ச்சல் மாத்திரை இருந்தது. மஞ்சள் பொட்டலம் இல்லை.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பெஞ்சு முழுக்க எங்கள் சாமான். மேசையும் கவர் அடுக்கும் அப்போதுதான் கண்ணுக்குள் வந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறியாயிற்று. செல்போனில் சிக்னல் இல்லை. கயலைத் திருப்பி உட்கார வைத்து முதுகில் காது வைத்தேன். சுத்தமாக இருந்தது. அதை நம்பாமல் மறுபக்கமும் வைத்தேன்.

"நான் ஓடிப்போய் எடுத்துட்டு வாரேன்" என்றார் செல்வம்.

வருடா வருடம் ஏறும் செல்வத்தைப் பூவம்மாவுக்குத் தெரியும்; அவர் காலைப் பார்த்தார். "ஒங்க கால் மில்லுக்கால்ண்ணே. நீங்க எறங்குறதுக்குள்ள பத்தாயிரும். பொறவு ஏற விடமாட்டாவ."

"அப்ப எல்லாரும் இறங்கிடலாம்" என்றேன் நான்.

கயல் அழவில்லை. ஷூ லேசை அவிழ்த்தாள். திரும்பவும் கட்டினாள். அந்த முடிச்சைப் போட அவளுக்கு நிறைய நேரம் ஆனது. மூன்று வருடமாக "அடுத்த வருஷம்" என்று சொன்னது நான்தான். பள்ளிக்கூட சுற்றுலா, நீச்சல், பாட்டிமார் வீட்டு லீவு எல்லாவற்றுக்கும் அதே பதில் சொன்னதும் நான்தான். இன்று இறங்கினால் இனி அவள் எதையும் கேட்கவே மாட்டாள் என்று ஏனோ தோன்றியது. ஏறினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பூவம்மா ஒரு டம்ளர் காபியை என் கையில் திணித்தார். "எதுக்கு இம்புட்டுப் பதறுதீக? எங்களுக்குச் சீனி வேணும்னா நாங்க என்ன செய்யிறோம்? எறங்குற ஆள்கிட்டச் சொல்லி விடுவோம். ஏறுற ஆள்கிட்டக் குடுத்து விடுவாவ. இதான் எங்க போனு." தம்பியைப் பார்த்தார். "ஏலே வேலு, அடுத்த நட இப்பமே போ. என்ன கவர்னு கேட்டுக்கோ."

"மஞ்சள் கவர். அதுக்குள்ள வெள்ளைக் கவர். அதுக்குள்ள மருந்துக்கடைக் கவர். அதுக்குள்ள நீலமா ஒண்ணு" என்றேன்.

வேலு விரல் விட்டு எண்ணினார். "வெங்காயமாக்கா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "வந்துரும்க்கா" என்றார். கயலின் பெயரையும் வகுப்பையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஆள் இல்லை. ஆடு இறங்குவது போல அந்தப் பாறைகளில் இறங்கிப் போய்விட்டார்.

அங்கேயே காத்திருக்கலாமா என்று கேட்டேன். காற்று சுழன்று அடிக்கும் இடம், பிள்ளைக்கு ஆகாது என்றார் பூவம்மா. சுனைக்குப் போனால் பாறை மறைப்பு இருக்கும். மருந்து எப்படியும் அங்கே வந்து சேரும். வேலு சுமை கட்டிக்கொண்டு ஏற நேரமாகும்; பத்து மணிக்குக் கடைசியாக ஏறுகிறவர்கள் கொண்டு வருவார்கள். அதுதான் கணக்கு.

"மெதுவா நடக்கணும். சுனையோட சரி. மருந்து வரலேன்னா உச்சி இல்ல" என்றேன் கயலிடம்.

"வந்தா?"

"வந்தா போலாம்."

வராது என்கிற நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சுனை என்றதும் நான் பாறையிடுக்கில் குடம் அளவு தண்ணீர் என்று நினைத்திருந்தேன். அது ஒரு கோவில் தெப்பக்குளம் அளவு இருந்தது. மூன்று பக்கம் கரும்பாறை, ஒரு பக்கம் காடு. தண்ணீர் அசையவே இல்லை. மேகம் ஒன்று தாழ இறங்கி, தண்ணீர் மேல் ஊர்ந்துபோய் மறு கரையில் ஏறியது. கயல் வாயைத் திறந்தபடி நின்றாள். பனிக்காற்று வாய்க்குள் போகுமே என்று நினைத்தேன். வாயை மூடச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பாறை மறைவில் துண்டு விரித்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். பக்கத்தில் சேத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் முறுக்கு கொடுத்தது. நாங்கள் ஊறுகாய் கொடுத்தோம். இன்னொரு பாறையில் ராஜபாளையத்துத் தம்பதி, தெலுங்கு பேசுகிறவர்கள். பத்து வருடத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சு எனக்கும் ஓரளவு புரியும். அந்த அம்மாள் கணவரிடம் சொன்னது இதுதான்: குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, அவள் அம்மாவுக்குத்தான் யாராவது மருந்து கொடுக்க வேண்டும். எனக்குப் புரியாதது போல முறுக்கைக் கடித்தேன்.

பதினொன்று ஆயிற்று. ஒவ்வொரு கூட்டமாக மேலே வந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் கையையும் பார்த்தேன். கம்பு, தூக்குவாளி, செருப்பு. பதினொன்றரை. வேலு கீழே போய்ச் சேர்ந்தாரா, அந்த மேசையைத் துடைத்துவிட்டார்களா, கவர்களோடு சேர்த்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்களா என்று ஒவ்வொன்றாக நினைத்தேன். அதற்குள் மேகம் எங்கள் பாறைக்கே வந்துவிட்டது. சில்லென்று ஈரம். கயல் இருமினாள். நின்றது. பிறகு தொடர்ந்து இருமினாள்.

முதுகில் காது வைத்தேன். மெல்லிய சத்தம். சாத்திய கதவின் இடுக்கில் காற்று நுழைவது போல. எனக்கு அது தெரியும்.

"இருக்கா?" என்றார் செல்வம்.

தலையாட்டினேன். மதினி தன் சேலைத் தலைப்பை எடுத்துக் கயலின் நெஞ்சைச் சுற்றினார். ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். நிமிர்ந்து உட்கார வைத்து, மெழுகுவத்தி ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொன்னேன். அவள் செய்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே செய்தாள். என் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று நானும் அவளோடு சேர்ந்து ஊதினேன். வாட்சைப் பார்த்து மூச்சை எண்ணினேன். இன்னும் பத்து நிமிடம் பார்ப்பது, பிறகு செல்வம் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

அப்போது பாதை முடிகிற இடத்தில் கனத்த குரல் ஒன்று கேட்டது.

"கயலு, மூணாப்பு. ஆரு இங்க?"

வேட்டியை மடித்துக் கட்டிய, பெரிய மீசை வைத்த ஒருவர் நின்றார். முகமெல்லாம் வியர்வை. வத்திராயிருப்பில் நெல் வியாபாரம் செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. நான் எழுந்து ஓடினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான். அடையாளம் சரியாத்தான் சொல்லியிருக்காவ" என்று சொல்லி, இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "கீழ காட்டிலாகாக்காரரு ஒரு புதுப்பொண்ணுகிட்டக் குடுத்து விட்டாராம். அந்தப் பொண்ணு சுக்குக்காபிக் கடையில உக்காந்திருச்சு, ஏற முடியல. அந்தக் கடைக்காரம்மா என்னையப் பிடிச்சிட்டாவ. செத்த நேரம் உக்காந்துட்டு வாரேன்னேன். உக்காரப்படாதுன்னுட்டாவ. இந்த மருந்து இப்ப எனக்குத்தான் வேணும்போல."

பொட்டலம் செய்தித்தாளில் சுற்றி, வாழை நாரால் கட்டியிருந்தது. என் மூன்று கவரையும் வனக்காவலர் கழற்றி வைத்துக்கொண்டு, மருந்தை மட்டும் அனுப்பியிருந்தார். பிளாஸ்டிக் கவர் மேலே போகக் கூடாது அல்லவா. செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது:

'கயல், மூணாப்பு. சுனை. அம்மா பயந்துக்கிட்டு இருப்பாங்க. சீக்கிரம்.'

ஸ்பேசரை மாட்டினேன். முதல் தடவை சரியாகப் பொருந்தவில்லை. கயல் என் கையிலிருந்து வாங்கி அவளே மாட்டினாள். ஒரு பஃப். பத்து வரை எண்ணினேன். இன்னொன்று. பிறகு காத்திருந்தோம். நெல் வியாபாரியும் போகாமல் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தெலுங்குத் தம்பதியும், சேத்தூர்க்காரர்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்துக் காது வைத்தேன். மறுபக்கம் வைத்தேன். கதவிடுக்குக் காற்று நின்றிருந்தது.

"இல்ல" என்றேன்.

"ஊம். இனி நமக்கு ஒரு வாய் சோறு இறங்கும்" என்றார் வியாபாரி. எங்கள் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவர்தான் சாப்பிட்டார்.

கயல் வாய் கொப்பளித்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். ஷூ லேஸ் இரண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"மெதுவா" என்றேன்.

உச்சிக்கு நாற்பது நிமிடம். நாங்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். கடைசிப் பகுதியில் பாறையில் வெட்டிய குழிகளில் கால் வைத்து ஏற வேண்டும். வழியில் ஒரு கிளையில் பூனை அளவு சாம்பல் நிற அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. கயல் அதைப் பார்த்து நின்றாள். அது எங்களைப் பார்த்தது. மதினிதான் முதலில் நகர்ந்தார்.

உச்சியில் பாறையில் நட்ட வேலும், அதில் குத்திய எலுமிச்சம்பழமும், காற்றும் மட்டும்தான். மேகம் எங்களுக்குக் கீழே போயிருந்தது. அது விலகியபோது நிறைந்த கண்மாய்கள் தகடு தகடாக மின்னின. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கட்டைவிரல் நகம் அளவு தெரிந்தது. தெற்கே தூரத்தில் புகை மாதிரி ஏதோ. அதுதான் ராஜபாளையத்து மில்கள் என்றார் செல்வம். இருக்கலாம். நான் கொடியில் துணி போடும் மாடி அங்கே எங்கோ இருந்தது. எத்தனையோ சாயங்காலம் அங்கே நின்று, மழை வருமா, பனி இறங்குமா, பிள்ளைக்கு என்ன ஆகும் என்று இந்த மலையைப் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் அந்த மாடியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இறங்கும்போது பூவம்மாவின் கடையில் நின்றோம். வேலு இரண்டாவது சுமையோடு வந்திருந்தார். காபிக்குப் பிறகு பூவம்மா ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இப்பத்தான் ஒரு பெரியவரு வச்சுட்டுப் போயிட்டாரு. பச்சத் துண்டு போட்டிருப்பாவ. கண்ணாடி இல்லாம தடவித் தடவித்தான் எறங்குவாவ, பிடிச்சிரலாம்."

கயல் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் பிடிப்பதற்குள் படிகளில் இறங்கத் தொடங்கினாள். "பச்சத் துண்டுத் தாத்தா, கண்ணாடி" என்று கத்திக்கொண்டே போனாள். ஓடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வம் அவள் பின்னால் போய்க்கொண்டிருந்தார். வளைவு தாண்டியும் அவள் குரல் கேட்டது. இன்னொரு வளைவு தாண்டியும் கேட்டது. நான் அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். அதில் விசில் இல்லை. நான் கூப்பிடவில்லை.

"வாய அடைச்சிட்டியாட்டி?" என்றார் மதினி.

"ஆமா மதினி."

பெரியவர் மூன்றாவது வளைவில் அகப்பட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் கயலைப் பார்த்தார், பிறகு மலையைப் பார்த்தார்.

நாலரைக்குச் சாவடிக்கு வந்தோம். காவலர் எங்களைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்தார். என் கவர்கள், மடித்தபடி. மேலே ஒரு ரப்பர் பேண்ட்.

"கயலம்மா நீங்கதான? பயந்த அம்மான்னு சொன்னாவ. பாத்தா அப்படித் தெரியலயே."

"இறங்கிட்டால்லா, அதான்" என்றார் மதினி.

அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கவர்களை நீவி மடித்து வைத்ததற்கு அவர்தான் எனக்கு நன்றி சொன்னார். அப்படி மடித்து வைத்திருந்ததால்தான் இது யாரோ பொறுப்பான ஆள் மறந்துவிட்டுப் போனது என்று எடுத்து வைத்தாராம். வேலு வந்து சொன்னபோது பொட்டலம் தயாராக இருந்ததாம். எது தப்பு, எது நல்லதாயிற்று என்று அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினியை விட்டுவிட்டு, சூடு ஆறாத பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினோம். இந்த பஸ் உறுமவில்லை. கயல் கோவாவில் பாதி தின்றதோடு என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முதுகில் காது வைத்தேன். பஸ் என்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நிமிர்ந்து, காதுக்குப் பதில் கையை வைத்துக்கொண்டேன். ஏறி இறங்கியது. அது போதுமாக இருந்தது.

செல்வம் ஜன்னல் பக்கம் மலையைப் பார்த்தபடி கேட்டார். "அடுத்த வருஷம்?"

மூன்று வருடமாக நான் சொல்லிவந்த அதே வார்த்தைதான். அவர் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. கைப்பைக்குள் அந்தச் செய்தித்தாள் துண்டு மடித்து இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"போலாம்" என்றேன். "இன்ஹேலர் அவ சட்டைப் பையிலயே இருக்கட்டும். கவர் வேண்டாம்."